கொரங்காட்டுப் பசுவுக்கு என்ன தீனி?

பங்குனி மாதத்தில் காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு, சாலையின் இருபுறமும் சரளையும் செம்மண்ணும்தான் தெரியும். முள்கிளுவை வேலிக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். ஒரு மரத்தடியில் சாம்பல் நிறப் பசுக்கள் இரண்டு, சற்றுத் தள்ளிச் செம்மறிக் கூட்டம். தின்பதற்கு அங்கே எதுவுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பசுக்கள் மெலிந்து கிடக்கவில்லை, நிழலில் படுத்து அசை போடுகின்றன. காலையில் கறந்த பால் வீட்டுக்குப் போயாயிற்று, கன்றும் ஊட்டிவிட்டது. கடையில் வாங்கிய தீவன மூட்டை ஒன்றுகூட இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

கொங்கு வழக்கில் காடு என்றால் வனம் அல்ல, மானாவாரி நிலம். கொரங்காடு என்பது அப்படிப்பட்ட நிலத்தில் பயிருக்குப் பதிலாகப் புல்லை வளர்த்து, வேலி கட்டி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் விட்டுவைத்த சொந்தப் பட்டா மேய்ச்சல் நிலம். காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், குண்டடம், சென்னிமலை, அரவக்குறிச்சி வட்டாரங்களில் இது பரவலாக உண்டு. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையைக் கொண்டுவருவதைவிட ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போவதே அதிகம். மண்ணோ ஆழமில்லாதது, அடியில் சுண்ணாம்புக் கல். இப்படிப்பட்ட நிலத்தில் நெல்லையோ கரும்பையோ யாரும் நினைத்துப்பார்க்க முடியாது. அதனால்தான் இங்குள்ளவர்கள் மாட்டை நினைத்தார்கள்.

அந்தக் காட்டைத் தாங்குவன மூன்று: தரையில் கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை. புல் பசி ஆற்றும். மரம் நிழல் தரும், காய் உதிர்க்கும், வேர் முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். அதன் இலை சிறிது, கொப்பு விரிந்தது, அதனால் அடியிலும் வெயில் விழுந்து புல் வளரும். புளியமரத்தடியில் இப்படி நடக்காது. முள்கிளுவையை மழைக்கு முன் போத்தாக வெட்டி, வாய்க்கால் பறித்து நெருக்கமாக நட்டுவைத்தால் சில ஆண்டுகளில் ஆடுகூட நுழைய முடியாத உயிர்வேலி ஆகிவிடும். மேய்ப்பவர் கூடவே நிற்கத் தேவையில்லை, படலைச் சாத்திவிட்டு வந்தால் போதும். ஆள்கூலி ஏறிக்கிடக்கும் இந்தக் காலத்தில் இயற்கைவழி மாட்டுப் பண்ணையம் நிற்பதற்கு இந்த வேலிதான் முதல் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

மாட்டின் கணக்கு

காங்கயம் மாடு உழைப்புக்கென்றே பேர்பெற்ற இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம், குறிப்பாக நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. வண்டிக்கும் ஏருக்கும் காளை, அந்தக் காளையை ஈனுவதற்குப் பசு, ஈன்ற பிறகு வீட்டுக்குக் கொஞ்சம் பால் என்பதே பழைய கணக்கு. நல்ல பராமரிப்பில் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் கறக்கும். சில பசுக்கள் அதைத் தாண்டும், பல பசுக்கள் தாண்டாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளாமல் நாட்டுமாட்டுப் பால்பண்ணை தொடங்குபவர்கள் இரண்டாம் ஆண்டில் மாட்டை விற்றுவிடுகிறார்கள். கலப்பினப் பசுவுக்குப் போடும் தீவனத்தை இந்தப் பசுவுக்குப் போட்டால் பால் இரட்டிப்பாகாது. கொழுப்புதான் ஏறும், சினை பிடிப்பது தள்ளிப்போகும்.

ஆனால் அதே உடல் வேறொரு விதத்தில் சிக்கனமானது. திமில் உள்ள நாட்டினங்களுக்கு, உயிரைத் தக்கவைக்க மட்டும் தேவைப்படும் தீனி ஐரோப்பிய இனங்களைவிடக் குறைவு. உடலில் உண்டாகும் யூரியாவை எச்சில் வழியாகவும் குடற்சுவர் வழியாகவும் மறுபடி முன்வயிற்றுக்கு அனுப்பி, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாக்கும் திறனும் இவற்றுக்குக் கூடுதலாக உண்டு. வெயில் ஏறினாலும் மேய்ச்சலை அவ்வளவு எளிதில் விடாது. காய்ந்த புல்லில் நாட்களைக் கடத்தும் மாட்டுக்கு இவை பெரிய சொத்து.

ஒரு பசுவுக்கு எவ்வளவு வேண்டும்? எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு அளவுக்கு உலர்தீனி, பால் கறக்கும்போது சற்றுக் கூடுதல். 330 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இது ஈரம் போக மிஞ்சும் அளவு. இளம் பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எனவே பச்சையாகத் தின்றால் 40 கிலோ வரை வேண்டும், காய்ந்த தட்டாக இருந்தால் 9 கிலோ போதும். 'கூடை நிறையப் போட்டேன், இன்னும் கத்துகிறது' என்ற குறை பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால் வருவது.

தண்ணீரை யாரும் தீனியில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். கோடையில் பால்மாடு 50 லிட்டர் வரை குடிக்கும். தொட்டி ஒரு மூலையில் இருந்தால் மாடு அதைச் சுற்றியுள்ள புல்லையே தரைமட்டமாக மேயும், தூரத்துப் புல் முற்றி வீணாகும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை பாசி தேய்த்துக் கழுவ வேண்டும்.

படலைத் திறக்கும் நாள்

கொரங்காட்டில் தீனி போடுவது என்றால் பாதி வேலை படலைத் திறப்பதும் சாத்துவதும்தான். சித்திரையில் ஒரு கோடைமழை விழுந்தால் நான்கைந்து நாளில் கொழுக்கட்டைப்புல் தூரிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். அன்றே மாட்டை விட்டுவிடத் தோன்றும். மூன்று மாதம் காய்ந்த தட்டையே மென்ற மாடு படலருகே நின்று கத்தும்போது மனசு கேட்காது. ஆனால் விடக்கூடாது. அந்த முதல் துளிர் வேரில் சேமித்துவைத்த சத்திலிருந்து வருவது. இலை விரிந்து வெயிலைப் பிடித்து வேருக்குத் திருப்பித் தருவதற்குள் அதைக் கடித்துவிட்டால் தூர் இளைத்துப்போகும். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு இப்படி நடந்தால் கொழுக்கட்டைப்புல் இருந்த இடத்தில் மாடு தொடாத களைகள் வந்துவிடும்.

புல் முழங்கால் உயரம் வந்து, பூ எடுப்பதற்குச் சற்று முன்பு திறப்பதே சரி. அந்தப் பருவத்தில் கொழுக்கட்டைப்புல்லின் புரதம் 8 முதல் 10 விழுக்காடு இருக்கும். விதை உதிர்ந்து காய்ந்தபின் 4 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். கீழே நான்கு விரற்கடை அளவு எஞ்சியதும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும். இதில் புல்லுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் நன்மை உண்டு. குடற்புழுக்களின் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் தங்கும். தரையோடு தரையாக மேயும் மாடு புல்லோடு புழுவையும் சேர்த்தே விழுங்கும்.

அதனால்தான் பெரிய காட்டை நான்காக, ஐந்தாகப் பிரித்து இடைவேலி போடுவது. மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் பால்மாடு இறங்கட்டும். அது நுனியையும் இலையையும் நாக்கால் சுற்றி இழுத்துத் தின்னும். பின்னால் வறட்டுமாடும் கிடாரியும். கடைசியாகச் செம்மறி, அது மாடு விட்ட சிறு செடிகளையும் பூண்டுகளையும் பொறுக்கும். மாட்டுப்புழுவில் பெரும்பகுதி ஆட்டின் வயிற்றில் பிழைப்பதில்லை, ஆட்டுப்புழு மாட்டின் வயிற்றிலும் அப்படித்தான். இரண்டையும் மாறி மாறி மேய்ப்பது புழுவின் சுழற்சியை அறுக்கும். மருந்து இல்லாமல் பண்ணையம் செய்ய விரும்புபவருக்கு இது பெரிய துணை. ஆனால் செம்மறியை அதிக நாள் விட்டுவைத்தால் அது தூரையே கொறித்துவிடும் என்பதால், இரண்டு மூன்று நாளில் அதையும் வெளியேற்றிப் படலைக் கட்ட வேண்டும்.

சாணத்தைப் பற்றியும் ஒரு சொல். காட்டில் விழுந்த சாணியைச் சாணி வண்டுகள் உருட்டி மண்ணுக்குள் கொண்டுபோகும். ஐவர்மெக்டின் போன்ற பூச்சி மருந்து போட்ட மாட்டின் சாணம் அந்த வண்டுகளின் புழுக்களைப் பல வாரம் கொல்லும் தன்மை கொண்டது. மாதந்தவறாமல் ஊசி போடும் பழக்கம் உள்ள காட்டில் சாணி வறட்டியாகக் காய்ந்து அப்படியே கிடப்பதைப் பார்க்கலாம். அந்த வட்டத்தைச் சுற்றிப் புல் வராது, வந்தாலும் மாடு தொடாது.

ஒரு சதுர மீட்டர் சோதனை

'ஏக்கருக்கு எத்தனை மாடு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்பவரை நம்பக்கூடாது. ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் வேறு அளவு விளையும். பண்ணையாளரே அளந்துகொள்வதுதான் வழி. நான்கு குச்சிகளை ஒரு மீட்டர் சதுரமாகக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், நல்ல இடம் கெட்ட இடம் பார்க்காமல் பத்து இடத்தில் அதைப் போட வேண்டும். சட்டத்துக்குள் உள்ள புல்லை, நான்கு விரற்கடை விட்டு, அரிவாளால் அறுத்து, மூன்று நான்கு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும்.

சராசரி 150 கிராம் வந்தது என்று வைத்துக்கொண்டால், ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் என்பதால் மொத்தம் 600 கிலோ. இதில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மீதி மிதிபடும், விதையாகும், வெயிலிலிருந்து மண்ணை மூடும். 300 கிலோவை நாளுக்கு 8 கிலோவாகத் தின்றால் ஒரு பசுவுக்கு 37 நாள். நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு மழைப் புல் ஒரு பசுவை ஐந்து மாதம் தாங்கும், இரண்டு பசுவை இரண்டரை மாதம் தாங்கும். ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை, கோடைமழைக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை இதைச் செய்து, வீட்டு நாட்காட்டியிலேயே குறித்துவைத்தால், மூன்றாம் ஆண்டில் அந்தக் காட்டின் குணம் பண்ணையாளருக்கு அத்துப்படி ஆகிவிடும். எத்தனை மாட்டை விற்க வேண்டும் என்பதைப் பஞ்சம் வந்தபிறகு சந்தையில் முடிவு செய்யாமல், கார்த்திகையிலேயே முடிவு செய்யலாம். கார்த்திகையில் விற்கும் மாட்டுக்குச் சதை இருக்கும், விலையும் இருக்கும்.

புல் தேய்ந்துபோன காட்டைத் திருத்தவும் வழி உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பது இங்குள்ள பழைய வழக்கம். இறுகிய மண் இளகும், மழைநீர் இறங்கும், தானியமும் தட்டும் கிடைக்கும், புல்லும் புதிதாக முளைக்கும். வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரிக்கு நீலக்கொழுக்கட்டைப்புல்லோடு முயல் மசாலைக் கலந்து விதைக்கப் பரிந்துரைக்கிறது. புல் மூன்று பங்கு, மசால் ஒரு பங்கு. புல் மாவுச்சத்தும் நாரும் தர, மசால் புரதம் தரும். இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. கொழுக்கட்டை விதை அறுத்தவுடன் முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் உறங்கும், எனவே சென்ற ஆண்டு விதையையே பயன்படுத்த வேண்டும். முயல் மசால் விதையின் தோல் கெட்டியானது. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்து விதைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு முளைப்பையே கெடுத்துவிட்டு விதைக்கடைக்காரரைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

வெயில் மாதங்களில்

தை பிறந்ததும் புல் நின்ற நிலையிலேயே காய்ந்து வைக்கோலாகும். மாசி, பங்குனியில் மாடு வயிறு நிறையத் தின்றும் இளைக்கும். காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. மாட்டின் முன்வயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் நாரைச் சிதைக்கின்றன. தீனியில் புரதம் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அவை பெருக முடியாது. நார் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும், வயிறு நிரம்பியிருப்பதால் மாடு மேலும் தின்னாது. வயிறு பானைபோல் இருக்க, முதுகெலும்பு மட்டும் தெரியும் மாடுகளின் கதை இதுதான்.

வழக்கமான பண்ணைகளில் இந்தக் குறையை யூரியா தெளித்த வைக்கோலோ, யூரியா கலந்த நக்குக்கட்டியோ தீர்க்கும். இயற்கைவழியில் யூரியாவுக்கு இடமில்லை. கொரங்காடு அதற்கு வைத்திருக்கும் பதில் வெள்வேலங்காய். புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் காய் பழுத்து உதிரும். மாடும் ஆடும் மரத்தடியைச் சுற்றிச் சுற்றி வருவது அதற்காகத்தான். நாளுக்கு ஒன்று இரண்டு கிலோ காய் வயிற்றில் விழுந்தாலே நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு, அதுவரை செரிக்காமல் இருந்த காய்ந்த புல்லும் சத்தாக மாறும். உதிர்ந்த காயைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிவைத்து மரமில்லாத காட்டு மாட்டுக்குக் கொடுப்பதும் உண்டு. ஊறவைத்த கொள்ளு அரைக்கிலோ, அல்லது செக்குப் பிண்ணாக்கு அரைக்கிலோ இதே வேலையைச் செய்யும். இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்வதைப் பார்த்தவர் அப்புறம் கைத்தீனியை மூட்டைக் கணக்கில் நினைக்கமாட்டார்.

சீமைக்கருவேலங்காயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இனிப்பு, மாடு ஆசையாகத் தின்னும், ஓரளவுக்குத் தீனியும்தான். ஆனால் பல வாரம் அதையே அதிகமாகத் தின்ற மாட்டுக்குத் தாடை நரம்பு பாதிக்கப்பட்டு மெல்ல முடியாமல் போகும். முழு விதை சாணத்தில் அப்படியே வெளியேறி, அடுத்த மழையில் காடெங்கும் முளைத்து நிற்கும். கொடுப்பதானால் விதையோடு நன்றாக அரைத்து, மொத்தத் தீனியில் சிறு பங்காகத்தான் கொடுக்க வேண்டும்.

பச்சையே கண்ணில் படாத நாட்கள் நீண்டால் இன்னொரு குறை வரும். பச்சை இலையிலுள்ள கரோட்டினிலிருந்துதான் மாடு உயிர்ச்சத்து 'ஏ'யை உண்டாக்குகிறது. ஈரலில் உள்ள இருப்பு தீர்ந்ததும் அந்தியில் மாடு தடுமாறும், பலவீனமான கன்று பிறக்கும், நஞ்சுக்கொடி தங்கும். கிணற்றடியில் பத்து அகத்தி, நான்கு முருங்கை, ஒரு வரிசை வேலிமசால் இருந்தால் போதும். நாளுக்கு இரண்டு மூன்று கிலோ தழை இந்தக் குறையை வரவிடாது. எலும்பையும் செருப்பையும் மாடு கடித்துத் திரிந்தால் அது மணிச்சத்துக் குறைவின் அடையாளம். சாமி குற்றம் என்று தள்ளிப்போடாமல் தாது உப்புக் கலவையை நாளுக்கு 30 முதல் 50 கிராம், கல்லுப்பு 30 கிராம் கொடுக்கத் தொடங்க வேண்டும்.

சோளத்தட்டுதான் கோடையின் முதுகெலும்பு. நான்கு மாதத்துக்கு நாளுக்கு 5 கிலோ என்றால் ஒரு பசுவுக்கு 600 கிலோ தட்டு. போர் போடும்போதே இந்தக் கணக்குப்படி போட வேண்டும். ஆனால் அதே சோளம் பச்சையாக இருக்கும்போது மாட்டைக் கொல்லக்கூடியது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். இளம்பயிரிலும், மழையின்றி வாடிக் குறுகிய பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் வயிற்றுக்குள் போனதும் சயனைடாக மாறும் பொருள் நிறைய உண்டு. பசியோடு உள்ளே புகுந்த மாடு கால்மணி நேரத்தில் மூச்சிரைத்து, நுரை தள்ளி, தடுமாறி விழும். கண்ணின் உட்சவ்வு வழக்கத்துக்கு மாறாக நல்ல சிவப்பாகத் தெரியும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியாகப் போட்டால் பிழைக்கும், ஆனால் அதற்கான அவகாசம் மிகக் குறைவு. பாதிப் பயிர் பூத்தபின் அறுப்பதும், ஒரு நாள் உலரவிட்டுப் போடுவதும், மறுதாம்பு நிற்கும் காட்டுக்குப் படல் கட்டிவைப்பதும் செலவில்லாத காவல். இயற்கைவழிப் பண்ணையில் ஊசி போடலாமா என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. துன்பப்படும் மாட்டுக்கு மருத்துவம் மறுக்கக் கூடாது என்றே எல்லாத் தரவிதிகளும் சொல்கின்றன. மருந்து போட்டபின் பாலை விற்காமல் வைக்கும் காலம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடும்.

தாழியில் என்ன போடலாம்?

சான்றிதழ் வாங்க விரும்பும் பண்ணையாளர் இங்கேதான் இடறுவார். கொங்குப் பக்கம் பால்மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவது தலைமுறைப் பழக்கம். பாலுக்கும் வெண்ணெய்க்கும் அது நல்லதுதான். ஆனால் இன்று நாட்டில் விளையும் பருத்தியில் மிகப் பெரும்பகுதி பி.டி. பருத்தி, அதாவது மரபணு மாற்றப்பட்டது. இயற்கைவழித் தரவிதிகள் மரபணு மாற்றிய தீவனத்தை ஏற்பதில்லை. எனவே கடையில் வாங்கும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் பட்டியலிலிருந்து வெளியே. நாட்டுப்பருத்தி விதைத்தவரிடமிருந்து நேரடியாக வாங்கினால்தான் உண்டு. எண்ணெய் நீக்கிய தவிடும் அப்படித்தான். அது ஹெக்சேன் என்ற ரசாயனக் கரைப்பானால் எண்ணெய் பிரிக்கப்பட்டது. அரிசி ஆலையிலிருந்து வரும் பச்சைத் தவிடு வேறு, அதற்குத் தடையில்லை. ஆனால் சீக்கிரம் காறிப்போகும் என்பதால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்க வேண்டும். தவிட்டைத் தந்த நெல்லும் இயற்கைவழியில் விளைந்ததா என்று சான்றளிப்பவர் கேட்பார். ஆகவே சொந்தக் காட்டிலோ, தெரிந்த பக்கத்துக் காட்டிலோ விளைந்ததே மனநிம்மதி.

கோடையில் மூன்று லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ கலப்புத்தீனி போதும். உடைத்த சோளம் அல்லது கம்பு 30 பங்கு, செக்குப் பிண்ணாக்கு 30 பங்கு, தவிடும் பயறு உடைத்த பொட்டும் சேர்ந்து 37 பங்கு, தாது உப்பு 2, சாதா உப்பு 1. புல் பச்சையாக இருக்கும் மாதங்களில் இதையும் பாதியாகக் குறைக்கலாம், சில பசுக்களுக்கு நிறுத்தியேவிடலாம். கடலைப் பிண்ணாக்கை மோந்து பார்த்து, உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு பாலுக்குள் வரும். பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ரசாயனமே தொடாத பண்ணையிலும் ஈரக்கசிவுள்ள ஓர் அறை இந்த நஞ்சை உண்டாக்கிவிடும்.

தீவன மூட்டையைக் குறைப்பது ஏழைப் பண்ணையாளரின் கட்டாயம் மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, இயற்கைவழிப் பால்மாட்டின் அன்றாட உலர்தீனியில் 60 விழுக்காடாவது புல்லும் தட்டும் போன்ற நார்த்தீனியாக இருக்க வேண்டும் என்கிறது. சுவிட்சர்லாந்தின் பயோ சூயிஸ் அமைப்பு 2022 முதல் தன் உறுப்பினர்களின் மாட்டுத் தீனியில் தானியமும் பிண்ணாக்கும் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று நிர்ணயித்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிக்காரர்கள் விதி போட்டு அடையப்பார்க்கும் இடத்துக்கு மிக அருகில், எந்த விதியும் இல்லாமலேயே, மூலனூர்க் காட்டுப் பசு நிற்கிறது.

விழா நாள் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியில் பானை பானையாகப் பொங்கலும் பழமும் ஊட்டுகிறார்கள். புல்லையே தின்று பழகிய வயிற்றில் அவ்வளவு வெந்த மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கினால் புளித்து அமிலமாகிவிடும். மறுநாள் மாடு தீனி எடுக்காது, அசை போடாது, தண்ணீராகக் கழியும், முற்றினால் எழுந்திருக்காது. கன்னத்தில் மஞ்சள் பூசி, ஒரு கைப்பிடிப் பொங்கல் ஊட்டினால் மாடு நிறைவாகவே இருக்கும். எந்தப் புதுத் தீனியானாலும் பத்துப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் இதே நுண்ணுயிர்கள்தான்.

சினைமாடும் கன்றும்

ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் கன்று வேகமாக வளரும் காலம். பாலை வற்றவிட்டு, நல்ல புல்லுள்ள காட்டுக்கு மாற்றி, ஒரு கிலோ கலப்புத்தீனி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவரைக் கலந்து, ஐப்பசி கார்த்திகையில் புல் தழைக்கும்போது ஈனும்படி பசுவைச் சினைக்கு விடுவது சாத்தியமென்றால் அதைவிடச் சிறந்த தீவனத் திட்டம் கிடையாது. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பதரை மாதம் என்பதால், தை மாதத்தில் காளைக்கு விட்டால் கணக்கு சரியாக வரும்.

கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்கும் பழக்கத்தால் எத்தனையோ கன்றுகள் வீணாகச் செத்திருக்கின்றன. சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவது முதல் நாளிலேயே, மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். 20 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர். காங்கயம் பசு கன்று முட்டாமல் பால் இறக்காது. எனவே முதலில் ஊட்டவிட்டு, இரண்டு மூன்று காம்பு கறந்து, ஒரு காம்பைக் கன்றுக்கே விட்டுவிடுவது நல்லது. ஐரோப்பிய விதிப்படி இயற்கைவழிக் கன்று 90 நாள் பாலிலேயே வளர வேண்டும். இங்கே கன்று அதைவிட அதிக நாள் ஊட்டுகிறது. பத்துப் பதினைந்து நாளிலேயே அது தாயைப் பார்த்துப் புல்லை மோந்து கடிக்கத் தொடங்கும். அப்போதிருந்து தாயோடு காட்டில் விட்டால் எந்தப் புல்லைத் தின்னலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ளும். கட்டுத்தரையிலேயே வளர்ந்த கிடாரியை இரண்டு வயதில் கொரங்காட்டுக்குள் விட்டால், முதல் கோடையில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது.

இனி இந்த ஆண்டுக்கான வேலை. புரட்டாசிக்குள் வேலியில் விழுந்த இடைவெளிகளில் கிளுவைப் போத்து நட்டாக வேண்டும், தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவியாக வேண்டும். ஐப்பசி மழை இறங்கியதும் எல்லாக் காட்டிலும் ஒரே நேரத்தில் மாட்டை விடாமல், மிகவும் தேய்ந்த காடு ஒன்றைத் தேர்ந்து அதை இந்தப் பருவம் முழுவதும் மூடிவைக்க வேண்டும். அதன் புல் பூக்கும், கதிர் பிடிக்கும், மார்கழிப் பனியில் விதை உதிரும். தையில் அந்த விதை கால்படும்போது மண்ணில் அழுந்தும் வகையில் நாலு நாளைக்கு மாட்டை உள்ளே நடத்தலாம். அதுவரை அந்தப் படல் கட்டியபடியே இருக்கட்டும்.